வாசிப்பு எடுக்கப்படவில்லை

உரும்பிராயில் நான் மீற்றர் பார்க்கும்
இருநூற்றுப் பதினாறு வீடுகளில்
என்னை ஒரு மனிதனாக எண்ணாதது ஒன்றுதான்:
பத்மலோசினி வீட்டு டொலர்.
கனடாவுக்குப் போன மருமகன் விட்டுப்போன நாய்.
பெயரும் அவன் வைத்ததுதான்.
ஒழுங்கை முடக்கிலேயே என் மோட்டார் சைக்கிளை அறிந்து
கிணற்றடியிலிருந்து குரைத்தபடி வரும்.
எட்டு வருடம்.
மாதத்தில் ஒரு நாள், நாலு நிமிடம்,
பயந்து பயந்து எண்களை எழுதியிருக்கிறேன்.

ஆவணியில் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.
எண்கள் இருக்கவேண்டிய இடத்தில்
நனைந்து காய்ந்த கடதாசி போல ஒரு கூடு.
குளவி.
நான் ஓடினேன்.
என்னைத் துரத்த வந்தது
நான் நின்ற இடத்தில் வந்து நின்றது.

மூக்கில் ஒன்று. கீழுதட்டில் ஒன்று.
"ரெண்டே ரெண்டுதான்" என்று
நான் சொல்லி முடிக்கவில்லை,
முகம் பெருத்துக் கண்கள் கோடாகின.
வயிற்றில் தடிப்புகள் எழும்பின.
சத்தி எடுத்தது; இருந்த இடத்திலேயே கழிந்தது.
பின்னங்கால்கள் வேறு யாருடையவோ போல
மடிந்துபோயின.
பத்மலோசினி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.
முரசு, பனங்கிழங்கின் உட்தண்டு போல வெள்ளை.

"போன வருசமும் குத்தினதுதானே,
சும்மா வீங்கி வத்தினது."
அவள் என்னிடம் சொல்லவில்லை.
நாயிடம் முறையிட்டாள்.

ஆட்டோவுக்குக் காத்திருக்கவில்லை.
சாக்கில் சுற்றிய டொலர்
எங்கள் இருவருக்கும் நடுவில்.
என் கெண்டைக்காலைக் குறிவைத்தே வளர்ந்த வாய்
என் முதுகில் கிடந்து
சேர்ட்டை நனைத்தது.
ஒவ்வொரு மூச்சும் கயிறில்லாத வாளி,
ஆழத்தில் எங்கோ முட்டி முட்டி.
கோண்டாவிலில் ஒரு சாமத்திய வீடு,
றோட்டை அடைத்து வான்கள்.
ஹோர்ன் அடித்தேன்; ஒருவரும் திரும்பவில்லை.
"நாய் சாகுது!" என்று கத்தினேன்.
பட்டுச்சேலைகள் விலகின.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் மிருக வைத்தியம்.
வைத்தியர் நிமலகரன் எதுவும் கேட்கவில்லை.
முதலில் தொடையில் அட்ரினலின்.
பிறகு சேலைன்.
பிறகுதான் மற்ற ஊசிகள்,
எல்லாவற்றுக்கும் பிறகு கதை.

"விசம் கொஞ்சம்தான்.
உடம்புதான் அதைப் பெரிசா எடுத்திட்டுது.
முதல் குத்திலேயே பாடம் பண்ணி
அடுத்ததுக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கு."

என் தமையன்,
டெங்குக்குப் புகையடிக்கும் இயந்திரம்
தெருவில் உறுமத் தொடங்கினால்
சோற்றுக் கோப்பையோடு குனிந்து
சுவரோரமாய்ப் போய் இருப்பான்.
புகை போனபின்னும் வரமாட்டான்.
அதை நான் வைத்தியரிடம் சொல்லவில்லை.
அவர் நாடி பிடித்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரம்.
முரசில் வெட்டிய கொய்யாவின் நிறம்
ஓரத்திலிருந்து வரத் தொடங்கியது.
"நடுச்சாமத்தில திரும்பவும் வரலாம்,
இரவைக்கு இஞ்ச விடுங்கோ" என்றார்.
பத்மலோசினி சாக்கை மடித்தாள், விரித்தாள்,
மறுபடி மடித்தாள்.
நான் வெளியே வந்து
படிவத்தை எடுத்தேன்.

வாசிப்பு எடுக்கப்படவில்லை.
காரணம்: ஒரு சொல்லுக்கு மட்டும் இடம்.
"நாய்" என்று எழுதினேன்.
எட்டு வருடமாகச் சோம்பல் வந்த நாட்களில்
நாங்கள் எல்லோரும் எழுதும் பொய் அது.

புரட்டாசியில் கூடு இல்லை;
பந்தம் பிடித்த கரி மட்டும் சுவரில்.
குளிர்ப்பெட்டிக் கதவில் வைத்தியரின் நம்பர்,
பெரிய எழுத்தில்.
இரண்டு மாதக் காசையும் சேர்த்துக் கேட்கிறேன் என்று
பத்மலோசினி சண்டைக்கு வந்தாள்.
அதற்கு முன்பே,
முடக்குத் திரும்பும்போதே,
கிணற்றடியிலிருந்து வந்தது
அந்தச் சத்தம்.
கால்கள் இரண்டையும் தாங்கியின் மேல் தூக்கிக்கொண்டேன்.
அதே பயம்.
ஒரு யூனிற்கூடக் குறையவில்லை.